வாய் திறக்காத பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அதிபர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

இலங்கையின் கிழக்கில் வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் தரம் 8 முதல் 11 வரை படிப்பிக்கிற எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். அதிலும் குறிப்பாக, காலைக் கூட்டத்துக்கும் தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்கிற பொறுப்பு யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்கு. நானும் உங்களில் ஒருத்திதான். தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் கற்பிக்கிறேன். அனுபவத்தில் உங்களில் பலர் எனக்கு மூத்தவர்கள், எனக்கே படிப்பித்தவர்களும் இதை வாசிக்கக்கூடும். ஆனாலும் இதை ஒரு ஆசிரியையாக எழுதுவதை விட ஒரு அக்காவாகத்தான் எழுதுகிறேன். என் தம்பி டவுனில் ஒரு பெரிய பாடசாலையில் தரம் 10 படிக்கிறான். அவனிடம் கேட்டு, அவன் "எழுதுங்க அக்கா, பேர மட்டும் போடாதீங்க" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். கூச்சமுள்ள பிள்ளையைப் பார்த்து "வாயைத் திற, பயப்பிடாதே, தன்னம்பிக்கை வேணும்" என்று சொல்வதை விட்டுவிட்டு, அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். அவன் இல்லாவிட்டால் நடக்காது என்கிற மாதிரியான ஒரு வேலை. தன்னம்பிக்கை அதற்குப் பிறகு வருகிற ஒன்று. அதை முதலில் கொண்டு வா, பிறகு வேலை தருகிறேன் என்றுதான் நம் பாடசாலைகள் பெரும்பாலும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

தம்பி ஊர்ப் பாடசாலையில் படித்த காலத்தில் அவனை யாரும் கூச்சமான பிள்ளை என்று சொன்னதில்லை. வகுப்பில் இருபது பேருக்குள்தான் இருந்தார்கள். காலையில் தேவாரம் பாடுவான், வாணி விழாவுக்குத் தோரணம் கட்டுவான், தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டர் போடுகிற வேலை கூட அவனுடையதுதான். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததும் எல்லாரும் சொன்னபடி டவுனில் சேர்த்தோம். ஊரே வந்து வாழ்த்தியது, அப்பா முதல் தடவையாக அவனுக்குச் சப்பாத்தும் பையும் ஒன்றாக வாங்கினார். தரம் 6இல் போய் உட்கார்ந்தால், அங்கே இருந்த நாற்பது பேரில் பாதிக்கு மேல் முதலாம் ஆண்டிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பிறந்தநாளுக்கு வீட்டுக்குப் போய் வருவார்கள், அவர்களுடைய அப்பாமாரும் ஒரே சங்கத்தில் இருப்பார்கள். இவன் கதைக்கிற படுவான்கரைப் பேச்சை இரண்டாம் நாளே ஒருவன் அப்படியே திருப்பிப் பேசிக் காட்டியிருக்கிறான். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்த வயதில் அது பெரிய கொடுமை என்று நான் சொல்லவில்லை, எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு அவன் எடுத்த முடிவு, இங்கே வாயைத் திறக்காமல் இருந்தால் கரைச்சல் இல்லை என்பது. அந்த முடிவை ஆசிரியர்கள் யாருமே கவனிக்கவில்லை. ஏனென்றால் வாய் திறக்காத பிள்ளை ஆசிரியருக்குக் கரைச்சல் கொடுப்பதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா போகும்போதெல்லாம் "நல்ல பிள்ளை, ஆனா கதைக்கிறதில்ல" என்று சொல்வார்கள். அவ்வளவுதான், அடுத்த பெற்றோர். அதை ஒரு விஷயமாக எடுத்து, ஏன் கதைக்கிறதில்லை என்று யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை.

அவனுக்கு ஆசை இல்லையா என்றால், அதுதான் எனக்கு மனசைப் பிசைகிற விஷயம். அவனுக்கு நிறைய ஆசை இருந்தது. வகுப்பில் 'ஃபேமஸ்' ஆக வேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளை பட்ட பாட்டை வீட்டில் இருந்த நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண்டுபிடித்தோம். தலைமயிரை ஒரு பக்கம் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான், அடுத்த நாளே ஒழுக்காற்று ஆசிரியரிடம் ஏச்சு வாங்கினான். பஸ்ஸுக்கு மிச்சம் பிடித்த காசில் இடைவேளைக்குக் கண்டீனில் நாலு பேருக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தான், தின்று முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். யாருடைய கணித ஒப்படையோ அவனுடைய கையெழுத்தில் எங்கள் வீட்டு மேசையில் கிடந்தது, கேட்டால் "ஃப்ரெண்டுக்கு" என்றான். போனில் யூடியூபைத் திறந்தால், கூச்சத்தைப் போக்குவது எப்படி, எல்லோரையும் கவர்வது எப்படி என்று வரிசையாக வீடியோக்கள். கண்ணைப் பார்த்துக் கதை, நெஞ்சை நிமிர்த்து நட, சத்தமாகச் சிரி. ஒரு நாள் இரவு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று "ஹாய் மச்சான், என்ன விஷயம்" என்று வேறு வேறு குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கமாகப் போனதைக் காணவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வணக்கம் சொல்ல ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், அவன் ஒவ்வொரு நாளும் போய் வருகிற இடம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள்.

அப்புறம் அந்தக் காலைக் கூட்டம். பாடசாலையின் பேரையோ ஆசிரியரின் பேரையோ சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது ஒருவரைப் பற்றிய விஷயம் இல்லை. அன்றைக்குச் செய்தி வாசிக்க வேண்டிய பிள்ளை வரவில்லை. பொறுப்பாசிரியர் வரிசையைப் பார்த்து, இவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டிருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் கூப்பிட்டிருப்பார், ஒதுங்கி நிற்கிற பிள்ளைக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம் என்று. கையில் ஒரு தாள், முன்னால் ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள், வாயருகே மைக். முதல் வரியிலேயே குரல் உடைந்துவிட்டது. பையன்களுக்கு அந்த வயதில் குரல் உடைவது இயல்பு, எந்த ஆசிரியருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற ஆசிரியர் இன்னொரு மைக்கில், "என்னடா, விடியச் சாப்பிடலியா? சத்தமா வாசி!" என்றார். முழுப் பாடசாலையும் சிரித்தது. அவர் சொன்னது ஒரு பகிடி, அன்று மத்தியானமே அவர் அதை மறந்திருப்பார். பின்னேரம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில், இவன் திக்கித் திக்கி வாசித்ததை ஒருவன் நடித்துக் குரல் பதிவாகப் போட்டான். அந்த குரூப் கொரோனா காலத்தில், 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது பாடம் அனுப்புவதற்காகத் தொடங்கிய வகையைச் சேர்ந்தது. ஒரு ஆசிரியரும் அதில் உறுப்பினர். பதிவுக்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் கூட நிற்பாட்டச் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஆய்வைப் பற்றி வாசித்திருந்தேன். அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச்சும் அவருடன் இருந்தவர்களும் செய்தது, 2000இல் வெளியானது. ஒரு பாடகரின் படம் பெரிதாகப் போட்ட, போடவே வெட்கப்படுகிற மாதிரியான ஒரு ரீ-சேர்ட்டை ஒரு மாணவருக்குப் போட்டு, மற்றவர்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் உன் சேர்ட்டைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், பாதிப்பேர் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வளரிளம் பருவத்தில் இன்னும் கூடுதலாக இருக்கும் என்று டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967லேயே எழுதியிருக்கிறார். தம்பியைத் தேற்றுவதற்காக இதை அவனுக்கு விளக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அக்கா, அந்த ரூமில ஒருத்தரும் குரூப்பில போடல்லதானே." அவன் சொன்னது சரி. அந்த ஆய்வு நடந்த காலத்தில் அறையை விட்டு வெளியே வந்தால் விஷயம் முடிந்துவிடும். இன்றைக்கு வகுப்பறையில் ஒரு பிள்ளை தடுமாறினால் அது அன்றிரவு வீட்டுக்கும் வருகிறது. இதனால்தான் ஆசிரியர் மைக்கில் சொல்கிற ஒரு சின்னப் பகிடிக்கும் இப்போது எடை கூடிவிட்டது. நீங்கள் தொடங்கி வைக்கிற சிரிப்பை உங்களால் நிற்பாட்ட ஏலாது.

இனி நான் இதை எழுத உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் கூத்துப் பழகுகிறார்கள். வடமோடி, எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தில் ஒரு வகை. தம்பியை ஒரு மாமா கூட்டிக்கொண்டு போனார், அம்மாவுக்கு விருப்பமில்லை, படிப்புக் கெடும் என்றார். முதல் சில கிழமை அவன் களரிக்கு, அதாவது கூத்து ஆடுகிற வட்டத்துக்குப் பக்கத்தில் சும்மா குந்தியிருந்தான். யாரும் "ஏன் சும்மா இரிக்காய், வந்து ஆடு" என்று இழுக்கவில்லை. பிறகு பிற்பாட்டுக்காரரோடு நின்று பாடவிட்டார்கள். அது ஒரு கூட்டத்துக்குள்ளே நின்று பாடுவது, தனியாக ஒரு குரலும் வெளியே கேட்காது, ஆனால் பாடாமல் விட்டால் ஒரு குரல் குறையும். அதற்குப் பிறகுதான் ஒரு சின்னப் பாத்திரம். கூத்தில் இதற்கெல்லாம் ஒழுங்கு இருக்கிறது, கிழக்கு மாகாணத்தில் பிறந்த உங்களில் பலருக்கு என்னை விட நன்றாகத் தெரியும். முதலில் யாருக்கு எது பொருந்தும் என்று உடம்பையும் குரலையும் பார்த்து, சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டு எழுதிய ஏடு, கொடுப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழக்குவார்கள். சதங்கை அணிவதற்கே ஒரு நாள் குறித்து ஊரைக் கூட்டுவார்கள். கிழமைக் கூத்து, அடுக்குக் கூத்து என்று போய், கடைசியில்தான் அரங்கேற்றம். களரியின் நடுவில், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். பாட்டு மறந்துபோனால், கூத்து ஏட்டை வைத்திருக்கிற ஏட்டண்ணாவியார் அடியெடுத்துக் கொடுப்பார், ஆடுகிறவன் ஒரு வரி பாடினால் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள், அதற்குள் அவனுக்கு மூச்சு எடுக்கலாம். தவறுவதற்கே ஏற்கெனவே இடம் விட்டுக் கட்டப்பட்ட ஒரு ஏற்பாடு அது.

முதல் தடவை தனியாக ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, பாட வேண்டிய அன்று அவன் நடுங்கிவிட்டான். அண்ணாவியார் மத்தளத்தை நிற்பாட்டவில்லை. தட்டிக்கொண்டே, "நீ பாடு மனே, நாங்க பின்னால இரிக்கம்" என்றார். அதே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நின்றார், இவன் தொடங்கும் வரைக்கும். அவ்வளவு பேரும் காத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. இவன் பாடினான். கீச்சுக் குரலில்தான் பாடினான். பிற்பாட்டு அதை வாங்கி எடுத்துப் போனது. வீட்டுக்கு வரும்போது வழியெல்லாம் அதையே பாடிக்கொண்டு வந்தான்.

அதே பிள்ளை திங்கட்கிழமை டவுனில் இடாப்புக் கூப்பிடும்போது "பிரசன்ட் சேர்" என்று சொல்வது ஆசிரியருக்குக் கேட்காமல் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒரே பிள்ளை, ஒரே தொண்டை. ஆகவே அவனிடம் தன்னம்பிக்கை இல்லை என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். பாடசாலையில் அவனுக்கு இடமும் இல்லை, பழகுகிற நேரமும் இல்லை, பின்னால் நிற்கிற ஆட்களும் இல்லை.

எல்லாப் பாடசாலையிலும் கூத்துப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த ஒழுங்கைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று கேட்கிறேன். முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு பிள்ளையையும் ஆயிரம் பேருக்கு முன்னால் ஏற்றாதீர்கள். ஒரு கிழமைக்கு முன் தாளைக் கொடுங்கள். முதலில் பக்கத்தில் இருக்கிற ஒருவனுக்கு வாசித்துக் காட்டட்டும், பிறகு நாலு பேருக்கு, பிறகு வகுப்புக்கு, விருப்பமென்றால் கூட்டத்துக்கு. படிப்படியாகப் போனால்தான் பயம் குறையும், ஒரேயடியாகத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் சிலர் நீந்துவார்கள், மிச்சப் பேர் அதற்குப் பிறகு கரைக்கே வரமாட்டார்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியது இதை விடச் சுலபம், ஒரு சதமும் செலவில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்த்தபோது, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் சராசரியாக ஒரு வினாடி அளவில்தான் இருந்தது. அதை 3 வினாடியாக்கியபோது பதில்கள் நீளமாக வந்தன, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பதில் சொல்லத் தொடங்கினார்கள். மூன்றே வினாடி. நான் என் வகுப்பில் இதைச் செய்யத் தொடங்கியபோது முதலில் எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது, அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை, முன்வாங்குப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு "மிஸ், மிஸ்" என்று துடிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களுக்கும் பழக்க வேண்டியிருந்தது. இப்போது யன்னலோரம் இருக்கிற ஒரு பிள்ளை பாடம் முடிய மேசைக்கு வந்து சந்தேகம் கேட்கிறது. வகுப்புக்குள் இன்னும் கேட்பதில்லை. மேசைக்கு வருகிறது, அதுவே எனக்குப் பெரிய சந்தோசம்.

இன்னொன்று, எலியட் அரன்சன் 1971இல் டெக்சஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில் செய்தது. வெள்ளைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், மெக்சிக்கோ வழிவந்த பிள்ளைகள் என்று அதுவரை வேறு வேறாகப் படித்தவர்களை அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள், ஒரே சண்டை. அவர் சின்னச் சின்னக் குழுவாக்கி, ஒரு பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றத் துண்டு வேண்டுமென்றால் மற்றப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிற ஒரு பையனை முதலில் நக்கல் அடித்தவர்கள், அவன் சொல்லாமல் பரீட்சை எழுத ஏலாது என்று தெரிந்ததும் அவனிடம் நல்லபடியாகக் கேள்வி கேட்டுப் பதில் எடுக்கப் பழகினார்கள். "அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று யாரும் புத்திமதி சொல்லவில்லை. அவன் தேவைப்பட்டான், அதனால் சேர்ந்தான். எங்கள் 40 நிமிடப் பாடவேளைக்குள் வரலாற்றிலும் விஞ்ஞானத்திலும் இதைத் தாராளமாகச் செய்யலாம், நான் செய்கிறேன். சத்தம் கூடும், பக்கத்து வகுப்பு சேர் வந்து எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை.

இப்போது கொஞ்சம் கோபமாகவே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாடசாலையில் யார் 'ஃபேமஸ்' என்பதைப் பிள்ளைகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. பாதியை நாங்கள் தீர்மானிக்கிறோம். ஜூலை 19, விபுலானந்த அடிகளின் நினைவு நாள் வந்தால் பேசுகிறது யார்? போன வருடம் பேசிய பிள்ளை. தமிழ்மொழித் தினத்துக்குப் பேச்சுக்கும் பாவோதலுக்கும் விவாதத்துக்கும் பேர் போகிறது யாருக்கு? அதே பிள்ளைக்கு. பிரதம விருந்தினருக்கு மாலை போடுவது, நன்றியுரை, வில்லுப்பாட்டில் முன்னுக்கு இருப்பது, மாணவர் தலைவர் சின்னம், எல்லாம் ஒரு வகுப்பில் அதே நாலைந்து பேர். காரணம் எனக்கும் தெரியும். கோட்டம், வலயம், மாகாணம் என்று வெல்ல வேண்டும், வென்றால் பாடசாலைக்குப் பேர், பழக்கத் தேவையில்லாத பிள்ளையை அனுப்பினால் நமக்கும் வேலை குறைவு. ஆனால் தரம் 6இல் ஒரு தடவை தெரிவான பிள்ளை தரம் 11 வரைக்கும் மேடையில் பழகிக்கொண்டே வருகிறது, தெரிவாகாத பிள்ளை தரம் 11 வரைக்கும் கைதட்டிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் முதலாவது பிள்ளையைத் திறமைசாலி என்றும் இரண்டாவதைக் கூச்ச சுபாவம் என்றும் சொல்கிறோம். அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பிள்ளையோடு பிறந்தது, எவ்வளவு நாங்கள் உண்டாக்கியது? வலயப் போட்டிக்குச் சிறந்த பிள்ளையை அனுப்புங்கள், நான் மறிக்கவில்லை. பாடசாலை மட்டத்தை என்றாலும் எல்லாருக்கும் திறந்து வையுங்கள். பல பாடசாலைகளில் பாடசாலை மட்டப் போட்டி நடக்காமலேயே பேர் போய்விடுகிறது, இது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

பஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் கூச்சத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கிற மிதவைப் படகுக்குக் காத்துக்கிடக்கிற வேலை இல்லாமல் போனது, பெரிய ஆறுதல். மண்டூர்ப் பக்கத்தில் இன்னும் குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாலம் வந்தாலும் பஸ் நேரம் பஸ் நேரம்தான். கிரிக்கெட், சாரணர், பாண்ட், கூட்டுப் பாட்டு எல்லாம் ஒன்றரைக்குப் பாடசாலை விட்ட பிறகு, பின்னேரம் நடக்கிறது. பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் உண்மையாகப் பழகுவது அங்கேதான், பாடவேளையில் இல்லை. என் தம்பியைப் போல தூரத்திலிருந்து வருகிற பிள்ளை மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். அடுத்த நாள் எல்லாரும் நேற்றுப் பின்னேரம் நடந்ததைப் பற்றிக் கதைக்கிறார்கள், இவனுக்கு அதில் சேர்ந்து கதைக்க ஒன்றும் இல்லை. ஒரு கழகமாவது, ஒரு பயிற்சியாவது இடைவேளையிலோ பாடசாலை நேரத்துக்குள்ளேயோ வைத்தால், இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வாசல் திறக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அவர்களுடைய நிலைமை வேறு. பேசாத பையனைக் கூச்சக்காரன் என்று பகிடியாவது பண்ணுகிறார்கள். பேசாத பெண் பிள்ளைக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறார்கள். "அடக்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது" என்று அம்மாமார் முகத்துக்கு முன்னால் சொல்லும்போது அம்மாமாரும் பூரித்துப் போகிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கணிதம் விளங்கவில்லை என்றாலும் கேட்கமாட்டாள். வயிற்றுவலி என்றாலும் மூன்றாம் பாடம் வரைக்கும் பொறுத்துக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் ஒருவன் தொல்லை கொடுத்தாலும் வீட்டில் சொல்லமாட்டாள், ஏனென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் அவளுக்கு இவ்வளவு காலமும் பாராட்டுக் கிடைத்திருக்கிறது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை நாங்கள் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த இலக்கத்துக்கு எடுக்க ஒரு குரல் வேண்டுமே. அதை எங்கே பழகுவாள்? இதை வாசிக்கிற ஆசிரியைகளே, உங்கள் வகுப்பில் இருக்கிற இடமே தெரியாத அந்தப் பிள்ளையிடம் நாளைக்கு ஒரு கேள்வி, பாடத்தில் இல்லாத ஒரு சாதாரணக் கேள்வி கேட்டுப் பாருங்கள்.

தன்னம்பிக்கைக் கருத்தரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியிலிருந்து ஒருவர் வருவார், மண்டபத்தில் எல்லாரையும் எழுப்பி "என்னால் முடியும்" என்று மூன்று தரம் கத்த வைப்பார், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். கத்துகிற பிள்ளைகள் ஏற்கெனவே கத்தக்கூடிய பிள்ளைகள்தான். பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை, தன்னால் இதுவும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தக் காசுக்கு வகுப்புக்கு இரண்டு கதைப் புத்தகம் வாங்கி, வாசித்த பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கதை சொல்ல வைத்தால் எவ்வளவோ பலன்.

நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், நிரப்ப வேண்டிய படிவங்கள், இதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் கூச்சத்தையும் எங்கே பார்ப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானும் அதே படிவங்களைத்தான் நிரப்புகிறேன். எல்லாக் கூச்சத்தையும் மாற்ற வேண்டியதும் இல்லை. சில பிள்ளைகள் பிறவியிலேயே அமைதி. இரண்டு நண்பர்களோடு சந்தோசமாக இருப்பார்கள், அவர்களை அப்படியே விட்டுவிடுவதுதான் மரியாதை. கவனிக்க வேண்டியது வேறு பிள்ளைகளை. பேச ஆசை இருந்தும் முடியாமல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிற பிள்ளைகளை. சமூகப் பதகளிப்பு என்று மருத்துவர்கள் சொல்கிற, மற்றவர்களுக்கு முன்னால் கடுமையாகப் பயப்படுகிற பிரச்சினை பெரும்பாலும் தொடங்குவதே இந்த வயதில்தான். திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிற வயிற்றுவலி, வாய்மொழிப் பரீட்சை நாளில் வராமல் நிற்பது, இடைவேளையில் தனியாக மலசலகூடத்துப் பக்கம் போய் நேரத்தைப் போக்குவது, இதெல்லாம் கிழமைக்கணக்காகத் தொடர்ந்தால் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கமும் இருக்கிறது. பைத்தியம் என்று ஊர் சொல்லிவிடும் என்று பயந்து நிற்கிற அம்மாவுக்கு, ஒரு ஆசிரியர் சொன்னால்தான் தைரியம் வரும். நாங்கள் சொல்கிற சொல்லுக்கு எங்கள் ஊர்களில் இன்னும் அந்த மதிப்பு இருக்கிறது.

தம்பிக்கு நான் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்தவனாக இருப்பதும் எல்லாருக்கும் பிடித்தவனாக இருப்பதும் ஒன்றில்லை என்று. பட்டப்பெயர் வைத்து மற்றவர்களைச் சிரிக்க வைக்கிறவனை எல்லாருக்கும் தெரியும், ஆனால் கொப்பி தொலைந்தால் யாரும் அவனிடம் கேட்கப் போவதில்லை. அவன் முழுசாக ஏற்றுக்கொண்டான் என்று சொல்லமாட்டேன். பதினைந்து வயதில் அதை ஏற்றுக்கொள்வது லேசில்லை. ஆனாலும் ரோல்ஸ் வாங்கிக் கொடுப்பதை நிற்பாட்டிவிட்டான். தன்னைப் போலவே வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருவனோடு இப்போது ஒரே சீட்டில் உட்கார்ந்து வருகிறான். கூத்துப் பாட்டு ஒன்றை அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பஸ்ஸில் மெதுவாகப் பாடுவார்களாம், கண்டக்டர் அண்ணன் ஒருநாள் "கொஞ்சம் சத்தமாப் பாடுங்கடா, நானும் கேப்பன்" என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவனுடைய வகுப்பாசிரியரும் இதை வாசிக்கக்கூடும். அவருக்கு என் வேண்டுகோள் மிகவும் சின்னது. அடுத்த முறை தமிழ்மொழித் தினப் படிவம் உங்கள் மேசைக்கு வரும்போது, பேர்களை எழுத முதல் வகுப்பில் ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள். யாருக்கு விருப்பம் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போகாமல், ஒரு நாள் அவகாசம் கொடுத்து, விருப்பமானவர்கள் ஒரு துண்டுத் தாளில் பேரை எழுதி உங்கள் மேசையில் வைக்கலாம் என்று சொல்லுங்கள். கையைத் தூக்கச் சொல்ல வேண்டாம். தாளில் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
படுவான்கரையிலிருந்து ஒரு அக்கா, ஒரு ஆசிரியை